கை தூக்கியவர்களின் கால்கள்

ஆலேரிப்பாக்கம் ஊராட்சித் தலைவர் மோகன்குமார் கால் வைத்த இடமெல்லாம் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் தண்ணீர் நின்றது. சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும்போதும் அவர் போன வழியில் பாதத்தடம் வரிசையாகப் பளபளக்கும், சிட்டுக்குருவிகள் இறங்கிக் குடிக்கும். சிமெண்ட் தரையில்கூட அந்தத் தண்ணீர் ஓடாது. வரப்பு கட்டியதுபோல் பாதத்தின் அளவுக்குள்ளேயே நிற்கும். செங்கல்பட்டில் ஒரு டாக்டர் அது வியர்வை என்று சொல்லிப் பவுடர் எழுதிக் கொடுத்தார். மூன்று டப்பா பவுடர் சேறானதுதான் மிச்சம். வியர்வைக்கு உப்பு வாடை இருக்கும். இதில் ஏரியின் வாடை அடித்தது. களிமண்ணும் தாமரைத் தண்டும் ஊறிய வாடை. முதல் வருஷம் வெறும் ஈரமாக இருந்தது, இரண்டாம் வருஷம் குதிகால் பதிந்த இடத்தில் ஒரு கை அள்ளலாம் என்கிற அளவுக்கு வந்தது. வீட்டில் அவருக்குத் தனியாக ஒரு மூலையில் சாக்கு போட்டு வைத்தார்கள், அவரும் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஐப்பசி கடைசியில் பெய்த மழையை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ஊர் இது. கரையை ஒட்டி ஊர், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வீடு. மேற்கே பள்ளத்தில் காலனி, நாற்பத்து மூன்று வீடு. பள்ளத்தில் யார் அவர்களைக் குடிவைத்தார்கள் என்றால் அதற்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப் போய்விட்டார்கள். அந்த நவம்பரில் ஏரி நிரம்பி, பெரிய மதகின் அருகே கரை கசிய ஆரம்பித்தது. கீழத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. கரை அங்கே உடைந்தால் ஊர் இருந்த இடத்தில் ஊர் இருக்காது. மேற்கே உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் கரையை வெட்டிவிட்டால் ஊர் பிழைக்கும், தண்ணீர் காலனி வயல் வழியாகப் போகும், வீடுகளுக்குள் முழங்கால் அளவு வரும், வீட்டில் இருப்பவர்களுக்கு உயிர்ச்சேதம் இருக்காது. மேலே போன் போட்டார்கள், லைன் கிடைக்கவில்லை. பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத மோகன்குமார், அதற்கு முன் டிராக்டர் மெக்கானிக், பிற்பகல் மூன்று பத்துக்கு வெட்டச் சொன்னார். ஜேசிபி வெட்டியது. அவர் போட்ட கணக்கில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தப்பவில்லை, காலனி வீடுகளில் முழங்கால் அளவுதான் வந்தது.

தப்பியது வேறு ஒன்று. வைக்கோல் போர்கள் எரிந்த வருஷத்திலிருந்து எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அவசரச் செய்தி எதுவானாலும் முதலில் கோயில் மைக்கில் சொல்வார்கள். அதைக் கேட்டு அதே வார்த்தைகளைப் பள்ளிவாசல் மைக்கில் சொல்வார்கள். அதைக் கேட்டு சர்ச் மைக்கில் காலனிக்காரர் பீட்டர் சொல்வார், அவர் இல்லாவிட்டால் அங்கே இருக்கிற யாராவது சொல்வார்கள், அது காலனிக்கும் அதற்கு அப்பாலுள்ள வயலுக்கும் கேட்கும். மூன்று மைக் ஒன்றின் வாயிலிருந்து ஒன்று பிடுங்கிப் பேசுவதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு அது பழக்கம். அன்று கோயில் சொன்னது, பள்ளிவாசல் சொன்னது. சர்ச் பேசவில்லை. அதன் மைக் செட் தேர்தலில் ஜெயித்த மோகன்குமாரின் நன்றி அறிவிப்புக் கூட்டத்துக்கு இரவல் போயிருந்தது. பீட்டரே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று தலைவர் சொன்னார். பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பின்னால், ஸ்பீக்கர் குழாய் சுவரைப் பார்த்தபடி, ஊராட்சி அலுவலகத்திலேயே அது இருபத்து மூன்று நாள் கிடந்தது. கரையை வெட்டலாமா வேண்டாமா என்று நாலு பேர் அந்த அறையில் நின்று பேசியபோது மோகன்குமாரின் கால் அதன் ஒயரை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மைக் பேசிவிட்டால் மூன்றாவதும் பேசிவிடும் என்பது நமக்கு மூச்சு விடுவதைப்போல. அது பேசாததை ஊரில் ஒருவர் காதும் கவனிக்கவில்லை. பீட்டர் அப்போது பள்ளத்து வயலில் பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பசு நீந்திக் கரையேறியது. பீட்டரை மறுநாள் கருவேலங்காட்டில் எடுத்தார்கள், வயது நாற்பத்தொன்று.

அடக்கத்துக்கு மோகன்குமார் போனார். மைக் செட்டைத் தானே தோளில் சுமந்துகொண்டு போய் சர்ச் வாசலில் வைத்தார். திரும்பி நடந்தபோது காலடியில் தண்ணீர் வந்தது, அன்றிலிருந்து நிற்கவில்லை. அதற்கப்புறம் அவர் செய்த வேலைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தெருவிளக்கு எரிந்தது, குடிநீர் குழாயில் தண்ணீர் வந்தது, கான்ட்ராக்டர் நீட்டிய கவரைத் திருப்பிக் கொடுத்த ஒரே தலைவர் இந்த வட்டாரத்தில் அவர்தான். வார்டு உறுப்பினர் ஆண்டாளம்மாள் அந்தக் காலடித் தண்ணீரைச் சொம்பில் எடுத்துச் சினைமாட்டுக்குக் கொடுத்தாள், கன்று நல்லபடியாக விழுந்தது என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு உறுப்பினரான மக்பூல் பாய் அரிசி மண்டி வைத்திருப்பவர். தலைவர் வந்தால் எழுந்து வந்து வாசலிலேயே நாற்காலி போட்டு டீ வரவழைப்பார், மண்டிக்குள் விட மாட்டார். மரியாதை வேறு, மூட்டை வேறு.

பீட்டரின் மனைவி பிரிஸ்கில்லா இந்த இரண்டு வருஷத்தில் ஊரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஊராட்சிப் பதிவேட்டில் ஊராட்சிச் செயலர் புருஷோத்தமன் ஒரு வரி எழுதியிருந்தார்: அறிவிப்பு செய்தும் பொருட்படுத்தாமல் தாழ்வான பகுதிக்குச் சென்ற பீட்டர் வெள்ளத்தில் இறந்தார். அந்த வரியை மாற்ற வேண்டும் என்றாள். மகள் இளமதி கல்லூரிக்குச் சான்றிதழ் வாங்கப்போன இடத்தில் அதன் நகலைப் படித்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. தண்ணீரில் போனவரை மறுபடி அந்த வரியில் முக்குகிறார்கள் என்பது பிரிஸ்கில்லாவின் எண்ணம். மனு கொடுத்தாள். மனு மேலே போய், கிராம சபையே முடிவு செய்யட்டும் என்று கீழே வந்தது. வரியை மாற்றினால் வழக்கு வரும், தலைவரைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், புது மதகுக்கு வந்த அனுமதி நின்றுபோகும் என்று ஊரில் பேச்சு நடந்தது. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜனவரி இருபத்தாறு, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, மோகன்குமார் நல்லவரா குற்றவாளியா என்று தீர்மானிக்க ஊர் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்தது.

முதலில் எழுந்தவர் மக்பூல் பாய். கண்ணில் தண்ணீரோடுதான் பேசினார். "ஒரு தட்டுல முந்நூறு வூடு, ஒரு தட்டுல ஒரு உசுரு. பீட்டர் எனக்கும் வேண்டியவன்தான். ஆனா முள்ளு எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே சொல்லுங்க. இவரு வெட்டலன்னா இன்னிக்கி இங்க உக்காந்துக்கினு நியாயம் பேச ஆள் ஏது?" அடுத்து புருஷோத்தமன், கையில் பதிவேட்டோடு எழுந்தார். பலன் என்ன ஆனது என்பது தனக்குத் தேவையில்லை, விதி என்ன, அது நிறைவேறியதா என்பதுதான் கேள்வி என்றார். வெட்டுமுன் அறிவிக்க வேண்டும், இரண்டு மைக்கில் அறிவித்தாயிற்று, நேரம்கூடக் குறித்திருக்கிறது. எந்தெந்த மைக்கில் என்று விதியில் இல்லை. பிறகு ஆண்டாளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "கணக்கும் வேணாம் சட்டமும் வேணாம், ஆளப் பாருங்கய்யா. அன்னிக்கி இடுப்பளவு தண்ணியில எங்க மாமியார தோள்ல தூக்கினு வந்த புள்ள இது. பத்து பைசா தொட்டது கெடையாது. நல்ல மனுசன் செஞ்சது எப்டி கெட்டதா பூடும்?" மூன்று பேரும் மூன்று தெரு வழியாக நடந்து கடைசியில் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். ஊருக்குப் பெரிய நிம்மதி.

மைதானத்தின் கோடியில் காலனி ஆட்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள், குரலை உயர்த்தவில்லை. "வெட்டினது தப்புன்னு நான் சொல்லல. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவும் சொல்லல. மைக்குல ஒரு வார்த்த வந்தா சோத்துக் கைய கழுவாம எழுந்து ஓடுற மனுசன் அவரு. அவரு கேட்டும் கேக்காத மாதிரி போனாருன்னு எழுதி வெச்சிக்கிறீங்களே. எங்க மைக் செட்டு அன்னிக்கி எங்க இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க தலைவரே."

மோகன்குமார் எழுந்தார். அவர் நாற்காலிக்குக் கீழே குட்டை கட்டியிருந்தது. "ஆபீஸ்லதான் இருந்துச்சு. என் காலுகிட்ட," என்றார். "அந்த வரிய மாத்திடலாம். எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்," என்றும் சொன்னார், அதை நான் சொல்லாமல் விட்டால் பாவம். மக்பூல் பாய் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "உக்காருங்க தலைவரே. ஒங்களுக்காகத்தான நாங்க பேசிக்கினு கீறோம்." அவர் உட்கார்ந்தார். தலைவர் மேல் குற்றமில்லை, பதிவேடு உள்ளபடியே இருக்கட்டும் என்று தீர்மானத்தைப் படித்தார்கள். வீட்டுக்கு ஒரு கை என்பது எங்கள் ஊர் வழக்கம். தலைவர் வீடு ஓட்டுப் போடவில்லை. ஒரு குடும்பம் பேரனுக்குக் காது குத்த ஓரிக்கை என்கிற ஊருக்குப் போயிருந்தது. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றாறு வீட்டிலிருந்தும் கை எழுந்தது. காலனியில் ஒரு கையும் எழவில்லை. பிரிஸ்கில்லா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை மேலேறி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடியும்போது ஆண்டாளம்மாள் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் போட்ட கோலம் கரைந்து கிடந்தது. அவள் நின்ற இடத்தில் இரண்டு பாதம், விளிம்புவரை தண்ணீர். பள்ளிவாசலில் மக்பூல் பாய் கால் கழுவித் துடைத்து, விரிப்பில் நின்று, மறுபடி துடைத்து, மறுபடி நின்று, கடைசியில் தொழாமலேயே வெளியே வந்துவிட்டார். புருஷோத்தமன் வீட்டில் அவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும், எழுந்து நடக்கிற எல்லோருக்கும். கை தூக்கிய வீடு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஓரிக்கைக்குப் போன குடும்பம் மட்டும் காய்ந்த காலோடு பஸ்ஸிலிருந்து இறங்கியது. அவர்களைப் பார்த்து ஊருக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மோகன்குமார் மூலையில் போட்ட சாக்கிலிருந்து இறங்கி வீடெல்லாம் நடந்து பார்த்தார். தரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள், அதுவும் சந்தோஷமாக.

அவருக்கு அரை நாள்தான் ஆறுதலாக இருந்திருக்கும். நாலாம் நாள் காலையில் காலனிக்குப் போய் பிரிஸ்கில்லா வீட்டு வாசலில் நின்றார். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இளமதி சொல்லித்தான் இது ஊருக்குத் தெரியும். "என் காலு காஞ்சிபோச்சும்மா," என்றார். பார்த்தேன் என்றாள். "நான் கேக்கல. அவங்களே எட்த்துக்கினாங்க. ராத்திரி பகலா அதான் என்கூட இருந்துச்சு. அத பாத்துதான் நான் ஒயுங்கா இருந்தேன். இப்ப கீழ குனிஞ்சி பாத்தா ஒண்ணும் இல்ல." பிரிஸ்கில்லா முறத்தைக் கீழே வைத்தாள். "அவங்க கை தூக்கும்போது நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" உட்கார்ந்திருந்தேன் என்றார். அவள் உளுந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

தை முடிந்து சம்பா அறுவடை வந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. மெஷின் அறுத்துக் கொட்டிய நெல்லைக் களத்தில் பரப்பி, மணிக்கொரு தடவை அதற்குள் வெறுங்காலால் இழுத்து நடந்து துழாவினால்தான் காயும். கொள்முதல் நிலையத்தில் பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். நாங்கள் துழாவிய நெல்லில் கருவி முப்பத்தொன்று காட்டியது. செருப்பு போட்டார்கள், ரப்பர் பூட்ஸ் போட்டார்கள். உள்ளே நிரம்பி மேலே வழிந்தது. நீளக் கம்பில் பலகை கட்டி வெளியிலிருந்து இழுத்தார்கள். ஓரம் காய்ந்தது, நடுவில் புழுங்கியது. வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஊர் எல்லையில் ஈரத் தடங்களைப் பார்த்துவிட்டு அவர்கள் வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். மக்பூல் பாயும் புருஷோத்தமனும் ஈரத் தடம் பதித்துக்கொண்டு காலனிக்குப் போனார்கள். பிரிஸ்கில்லா அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. "தொழாவறதுக்கு வரோம் பாய். கூலி வயக்கம்போலதான். அந்த வரிய மட்டும் மாத்துங்க."

ஊர் ஒன்பது நாள் யோசித்தது. வழக்கு, மதகு, மானம் என்று ஒன்று மாற்றி ஒன்று பேசினார்கள். ஒன்பதாம் நாள் குவியலுக்குள் கையை விட்டவர்கள் முளைவிட்ட நெல்லை இழுத்தார்கள். மறுபடி மைதானத்தில் கூடினோம். மோகன்குமார் இந்தத் தடவை உட்காரவில்லை, கடைசிவரை நின்றார். அதே இருநூற்றுத் தொண்ணூற்றாறு கை எழுந்தது. புருஷோத்தமன் பழைய வரியை அடித்துவிட்டு, காலனிக்கு அறிவிப்பு செய்யப்படவில்லை, அவர்களுடைய மைக் செட் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது என்று எழுதிச் சத்தமாகப் படித்தார். இளமதி எழுந்து வந்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஊர் மொத்தமும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தது. கை தூக்கி வந்தது கை தூக்கினால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தண்ணீர் அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் காலை உதறிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் மேல் தெளித்தது, அதற்காக ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. காலனிக்காரர்கள் மறுநாள் விடியலில் சொன்னபடி வந்து களத்தில் இறங்கினார்கள். முளைத்தது போக மிச்ச நெல் காய்ந்தது.

பயந்த வழக்கு வரவே இல்லை. வரி மாறியதை மேலே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. புது மதகும் கட்டியாகிவிட்டது. இரண்டு வருஷமாகக் களத்து வேலை முழுக்கக் காலனி ஆட்களுடையது, எந்த நாள் அறுக்கலாம் என்பதை இப்போது பிரிஸ்கில்லா சொல்கிறாள். மோகன்குமார் அறுவடைக் காலத்தில் அங்கே வந்து நிற்பார். அவள் பேச மாட்டாள், எந்த மூலையில் நெல் காயவில்லையோ அந்த மூலையைக் கையால் காட்டுவாள். அவர் அங்கே போய்த் துழாவிக்கொண்டிருப்பார். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்கிறார், ஊர் விடுவதாக இல்லை. ஆபீசுக்குள் போய் வர, அதிகாரிகள் எதிரில் நிற்க, காய்ந்த காலோடு ஒரு ஆள் வேண்டுமே என்கிறார் மக்பூல் பாய். ஆண்டாளம்மாள் பழையபடி, ஆளைப் பாருங்கள், எவ்வளவு சுத்தமான கால் என்கிறாள். தண்ணீர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடுகிறது. ஊர் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்தால் கணுக்கால் வரை நிற்கிறது என்று போன ஆனியில் ஒரு கல்யாணத்தில் தெரிந்தது. அதனால் கூடுவதில்லை. கிராம சபையையே தெருத்தெருவாகப் பிரித்து நடத்துகிறார்கள், பெஞ்சுக்கு அடியில் நாலு செங்கல் வைத்து.

இதை எழுதுகிறவன் வீட்டிலிருந்தும் அன்று ஒரு கை எழுந்தது. அது என் கைதான். மூன்று பேர் பேசியதும் எனக்குச் சரியாகவே பட்டது, இன்றைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிஸ்கில்லா கேட்டதையும் கேட்டேன், என் காலுகிட்ட என்று அவர் சொன்னதையும் கேட்டேன், அதற்கப்புறம்தான் தூக்கினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போன தை மாதம் என் பேத்தி முதல் முதலாகச் சுவரை விட்டுவிட்டு மூன்று அடி வைத்தாள். அந்த மைதானத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அவள் பிறக்கவே இல்லை. தரையில் மூன்று சின்னப் பாதம், விரல் விரலாகத் தண்ணீர் நின்றது, ஏரி வாடை அடித்தது. எல்லோரும் கை தட்டினோம். மருமகள் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். எங்கள் ஊரில் குழந்தை நிற்கப் பழகும்போதே அந்தத் துணியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பழைய வேட்டிதான் நன்றாக உறிஞ்சுகிறது.